அடுப்பு ஆறிய நாட்கள்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா? ரொட்டி போடும் மாஸ்டருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் பேசலாமே என்று மறுபடியும் ஆரம்பிக்காதே. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இத்தனை வருஷம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றதில் என் காது பாதி போய்விட்டது. போனில் நீ பேசினால் தொட்டிக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி இருக்கிறது. நானும் ‘ஆங், ஆங்’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன். போன தடவை எதற்கு ஆங் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அதனால் எழுது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேக்கரியை உன் கையில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். நீ விடிந்த பிறகும் மாவு மூட்டைமேல் சாய்ந்து கிடக்கிறாய் என்று பம்பரம் எழுதியிருக்கிறான். பெரியப்பா மகன் கோள் சொல்கிறான் என்று நினைக்காதே. எதிர்க்கடையில் இருக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டா இருப்பான்? அப்பா உனக்கு ‘மெத்தை’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த அடுப்பைக் கட்டிய நாளிலிருந்து அது ஆறியதே இல்லை. அம்மாவை அடக்கம் பண்ணிய அன்றும், போன வருஷம் அப்பாவை அடக்கம் பண்ணிய அன்றும், ஊரே கல்லறைக்குப் போனபோது நான் தீயை விட்டு நகரவில்லை. நம் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். பேக்கரி நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒரே ஒரு நாள் தீ அணைந்தது என்று கேள்விப்பட்டால்கூட என் கையெழுத்தைப் போட்டுப் பம்பரத்திடம் கொடுத்துவிடுவேன். உன்னையும் கையெழுத்துப் போட வைப்பேன். விளையாட்டு இல்லை.

நீதிமொழிகளில் எறும்பு வருகிற அதிகாரத்தைத் தினமும் ஒரு தடவை வாசி.

உனக்காக ஜெபிக்கும்
அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

மெத்தை எழுதுவது. இருமல் போய்விட்டது. மாஸ்டரின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழை வரப்போவதை மட்டும் சரியாகச் சொல்கிறது. உன் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன், நம்பு.

எறும்பு அதிகாரத்தையும் வாசித்தேன். அக்கா, அந்த எறும்பு அறுப்புக் காலத்தில்தான் சேர்க்கிறது. அறுப்பு முடிந்ததும் என்ன செய்கிறது என்று ஒன்றும் போடவில்லை. குளிருக்குப் புற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். இதை மாஸ்டரிடம் சொன்னேன். “உனக்குன்னு எங்கருந்துதான் இப்படி வசனம் கெடைக்குதோ!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடை நடக்கிறது. காலை ரொட்டி வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஒரு சின்ன விஷயம்தான். பள்ளிக்கூட டீச்சரம்மா ஒரு ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். “கடிச்சா பல்லுல நறுக்குனு கல்லு மாட்டுதுப்பா. உங்கப்பா இருந்தப்பவும் ரெண்டொரு தடவ இப்படி ஆச்சு, சங்கடமா இருக்கும்னு சொல்லாம விட்டுட்டேன்” என்றார். மாவைச் சலித்துப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

நீ எப்போது வருவாய்? லீவு எடுத்தாய் என்று நீ எழுதி நான் படித்ததே இல்லை. அங்கே எல்லோருக்கும் லீவு உண்டா, இல்லை உன்னைத் தவிர எல்லோருக்குமா?

இப்படிக்கு,
திருந்திக்கொண்டிருக்கும் தம்பி

ஜூலை 1

தம்பிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரொட்டியில் கல் என்றால் மாவில் கல். மறுபடியும் சலி. சலிக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு அடுப்பின்மேல் பழி போடப் பார்க்காதே. அப்பா ஒரு நாளாவது ரொட்டி திரும்பி வந்தது என்று சொன்னதுண்டா? டீச்சரம்மாவுக்கும் வயதாகிறது, பல் ஆடியிருக்கும்.

லீவு எதற்கு? வந்தாலும் நான் அடுப்பின் முன்னால்தான் நிற்கப்போகிறேன். இங்கே நான் ஒரு நாள் வராவிட்டால் வார்டுகளில் போர்வைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். சலவைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு.

எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. பேனா சரியில்லை.

அக்கா

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். பதில் எழுத இத்தனை நாளானதற்குத் திட்டாதே. திட்டுவாய், தெரியும். சரி, திட்டு.

சாம்பல் பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது, அதுவும் அப்பாவின் பழைய சட்டைப் பெட்டிக்குள். குட்டிகளில் ஒன்று எந்நேரமும் தூங்குகிறது. மாஸ்டர் அதற்கு என் பெயரை வைத்துவிட்டார். கோவிலில் போதகர் உன்னை விசாரித்தார். பின்கட்டில் ஓடு மாற்றினேன். ஏணியில் நானே ஏறினேன், பம்பரம் அண்ணன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, தன் கடைக்கு வந்த ஆளோடு வியாபாரமும் பேசினார். அவருக்கு எப்போதும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வேண்டும்.

போன கடிதத்தில் உன் எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது. எந்தப் பேனா அப்படி எழுதும்? இத்துடன் ஒரு புதுப் பேனா வைத்திருக்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகவே இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூனை எழுதினாய், ஓடு எழுதினாய், போதகர் எழுதினாய். அடுப்பைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. இன்று பம்பரத்தின் கடிதம் வந்திருக்கிறது. நம் புகைபோக்கியில் புகையே இல்லையாம். கடை வாசலில் ‘சில நாள் விடுமுறை’ என்று அட்டை தொங்குகிறதாம். விடுமுறை! அப்பா அந்த வார்த்தையை வாயால் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

தீ அணைந்துவிட்டதா, இல்லையா? ஒரு வரியில் பதில் வேண்டும். பூனைக் கதை வேண்டாம்.

பத்திரத்தைத் தயார் பண்ணச் சொல்லிப் பம்பரத்துக்கு எழுதிவிட்டேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். இப்படி எழுத வைத்துவிட்டாயே.

அக்கா

ஆகஸ்ட் 25

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று முதலில் கேட்கிறேன். கோபத்திலும் அதை நீ எழுதவேண்டும்.

ஆமாம். தீ அணைந்துவிட்டது. தானாக அணையவில்லை. நான்தான் அணைத்தேன்.

நீ ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி வருவதையும் தயவுசெய்து வாசி.

பம்பரம் அண்ணன் எழுதியது உண்மைதான். மதிய ரொட்டி உள்ளே போனபிறகு நான் காலி மூட்டைகளைத் தரையில் விரித்து அடுப்புக்கு எதிரே படுப்பேன். அப்பா எத்தனை தடவை காலால் தட்டி எழுப்பியிருக்கிறார், நீயும் பார்த்திருக்கிறாய். அடுப்பின் வாய் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முன்னால் நிற்கிறவன் குனிந்து ரொட்டியைத்தான் பார்ப்பான். அப்பா பார்த்தது ரொட்டி, நீ பார்த்தது ரொட்டி, மாஸ்டர் பார்ப்பதும் ரொட்டி. தரையில் கிடக்கிறவனுக்கு ரொட்டி தெரியாது அக்கா. அடுப்பின் கூரைதான் தெரியும்.

அப்படிக் கிடந்தபோது ஒரு நாள் தீ எழும்பி எரிந்தது. மேலே வளைவின் நடுவில் செங்கற்கள் வயிறு சரிந்த மாதிரி கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தேன். ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து கொஞ்சம் செம்மண் பொலபொலவென்று ரொட்டி இருக்கிற பக்கம் உதிர்ந்தது. டீச்சரம்மாவின் பல்லில் மாட்டிய கல் எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் புரிந்தது.

கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அவரும் என் பக்கத்தில் படுத்துதான் பார்த்தார். “எப்ப கடைசியா ஆற விட்டீங்க?” என்றார். ஆற விட்டதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். “அதான் இப்படி ஆயிருக்கு. சூடா இருக்கறப்ப எவன் உள்ள போயி பாப்பான்? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, மூலைல இருக்கற ரொட்டிய எடுக்க உள்ள தலைய விடறவர் மேலயே மொத்தமும் வந்திருக்கும்.” உள்ளே தலையை விடுகிறவர் மாஸ்டர். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். போய் ஒரு வாளித் தண்ணீரை அவரே கொண்டுவந்தார்.

தணலை இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது அப்பா பின்னால் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது. மாஸ்டர் அழுதார். நானும்தான்.

சோம்பேறியின் தோட்டம் வருகிற பகுதி உனக்கு நினைவிருக்கும். முள் மூடிக் கிடக்கும், கல்மதில் இடிந்து கிடக்கும். அப்பா அதை என்னைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பார். இந்த வாரம் நானே எடுத்து வாசித்தேன். மதிலைத்தான் எப்போதும் கேட்டிருக்கிறேனே தவிர, அந்த வழியாகப் போன ஆளை நான் கவனித்ததே இல்லை. அவன் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடவில்லை. கவனித்துப் பார்த்தான், யோசித்தான். அதனால்தான் அவனுக்குப் புத்தி வந்தது. நம் வீட்டில் எல்லோரும் ஓடி ஓடி உழைத்தோம். இப்போது நம் மதிலும் இடிந்துதான் இருக்கிறது.

நான் சோம்பேறி இல்லை என்று சொல்லவரவில்லை. கூரையைப் பார்க்கவா படுத்தேன்? தூங்கத்தான் படுத்தேன். ஓடு மாற்றவேண்டியது போன மழைக்கு முன்பே, அதையும் தள்ளிப்போட்டேன். அதெல்லாம் உண்மை.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தால் நான் கேட்டிருப்பேன். அந்தப் பயம்தான்.

பத்திரம் வந்தால் கையெழுத்துப் போடுகிறேன். வளைவு கட்டி முடிகிறவரை மட்டும் பொறுத்துக்கொள். உடைந்த அடுப்பை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் தம்பி

செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். கோபமா, உடம்பு சரியில்லையா? கோபமென்றால் எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. உடம்பென்றால் ஒரு வார்த்தை எழுது.

வளைவு முடிந்தது. கொத்தனாரோடு நானும் உள்ளே நுழைந்து கல் எடுத்துக் கொடுத்தேன். நம் அடுப்புக்குள் உட்கார்ந்திருந்தேன் அக்கா! ஒரு சின்ன அறை மாதிரி இருக்கிறது. சுவரில் கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் அடக்க நாள் நினைவுக்கு வந்தது. நான் அப்பாவின் தோளில் இருந்தேன், அவ்வளவுதான் தெரியும். திரும்பி வந்தபோது நீ பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இந்த அடுப்பின் முன்னால் நின்றாய். எனக்குச் சூடாக ஒரு ரொட்டி பிய்த்துக் கொடுத்தாய். நீ அழவில்லை. நீயும் அப்போது சின்னப் பெண்தானே? உன்னைத் தீக்குக் காவல் வைத்துவிட்டுப் போனது தப்பு. அப்பா நல்லவர், எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அது தப்பு.

அடுப்பு ஆறியிருக்கிறது. இப்போது வா. வந்தால் எதன் முன்னாலும் நிற்கவேண்டியதில்லை.

தம்பி

செப்டம்பர் 22

என் தம்பிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன், மேலே கோடு தெரியும்.

தீயை அணைத்தேன் என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று நான் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது விழுந்துவிட்டேன். மயக்கம். ரத்த அழுத்தம் எகிறிவிட்டதாம். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் இருக்கிறேன். நான் வெளுத்த போர்வையை எனக்கே போர்த்திவிட்டார்கள். ஓரத்தில் கஞ்சி சரியாக ஏறவில்லை. நானில்லாமல் என்ன லட்சணத்தில் வேலை நடக்கிறது, பார்.

உன் பேனா நன்றாகத்தான் எழுதுகிறது. பழைய பேனாவிலும் ஒன்றும் இல்லை. ஜூன் மாதக் கடைசியில் வலது மணிக்கட்டு இயந்திரத்தின் கதவில் மாட்டிக்கொண்டது. சுளுக்கு என்று துணியைச் சுற்றிக்கொண்டு இடது கையால் சமாளித்தேன். இப்போது படம் பிடித்துப் பார்த்தால் எலும்பில் விரிசல் விட்டிருக்கிறதாம். டாக்டரம்மா சின்ன வயதுதான். “கடைசியா எப்பம்மா நல்லா ஓய்வு எடுத்தீங்க?” என்று கேட்டாள். யோசித்தேன். அவள் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தாள்.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்துவிட்டேன். இந்த வார்டின் கூரையில் ஜன்னலிலிருந்து விளக்குவரை ஒரு வெடிப்பு ஓடுகிறது. இதன் கீழே இத்தனை வருஷம் வண்டி தள்ளியிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன். படுத்தால்தான் தெரிகிறது. சிரிக்காதே.

அம்மாவின் அடக்கத்தன்று நான் அழவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் கல்லறைக்குப் போகவேண்டும் போலத்தான் இருந்தது, தம்பி. அப்பா தீயைப் பார்த்துக்கொள் என்றார், எல்லோரும் போனார்கள். நான் பொறுப்பான பிள்ளை என்று அப்புறம் ஊரே சொன்னது. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் போகவேண்டும் என்று இருந்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை ஊருக்கு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. அடுப்புதான் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததே.

பத்திரம் வேண்டாம் என்று பம்பரத்துக்கு எழுதிவிட்டேன். ஒரு மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா

செப்டம்பர் 26

அக்கா,

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். முதல் பஸ் என்றால் முதல் பஸ்தான். நானே எழுந்திருப்பேன். மாஸ்டர் நம்பவில்லை, பம்பரம் அண்ணன் என்னை எழுப்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீயாவது நம்பு.

பெட்டி எதையும் தூக்காதே. தூக்கினாய் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மெத்தை

அக்டோபர் 1

அக்கா,

நீ எழுந்ததும் கண்ணில் படவேண்டும் என்று இதைத் தண்ணீர்ச் சொம்பின் கீழே வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறான் பார் என்று திட்டாதே. வந்து படுத்தவள் நேற்று முழுக்க எழுந்திருக்கவில்லை. கஞ்சி கொடுத்தபோதுகூடக் கண்ணைத் திறக்காமலே குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். எனக்குப் பயமாகிவிட்டது, டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். “ஒண்ணுமில்ல, தூங்கறாங்க. தூங்க விடுங்க” என்றார்.

பம்பரம் அண்ணனும் வந்து பார்த்தார். “அக்காவா? இந்நேரத்துலயா?” என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அப்புறம் ஒரு நிமிஷம் என்று மூட்டைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அவர் கடையையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

புது வளைவை மெதுவாகத்தான் சூடாக்கவேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் சின்னத் தீயாக மூட்டி ஈரத்தைக் காயவைத்தோம். இன்று பெரிய தீ மூட்டலாம். விறகு அடுக்கிவைத்திருக்கிறேன். நீதான் மூட்டவேண்டும் என்று மாஸ்டரும் நானும் காத்திருக்கிறோம். அவசரம் இல்லை.

எண்ணெய் வாங்கப் போகிறேன். வந்துவிடுவேன்.

தம்பி

[அதே தாளின் பின்புறம்]

தம்பிக்கு,

எழுந்துவிட்டேன். நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது காலையா சாயங்காலமா என்று தெரியவில்லை, தெரியாததைப் பற்றிக் கவலையும் வரவில்லை.

போய் அடுப்பைப் பார்த்தேன். உன்னைப் போலவே தரையில் படுத்துப் பார்த்தேன். மாஸ்டர் பதறிப்போய் ஓடிவந்தார். வளைவு அழகாக இருக்கிறது. நல்ல வேலை செய்திருக்கிறாய். அப்பா இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

தீயை நீயே மூட்டு. எனக்காகக் காத்திருக்காதே. வர நேரமாகும், வழியில் எங்காவது உட்கார்ந்து உட்கார்ந்துதான் போகப்போகிறேன். கல்லறைக்கு வழி மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டேன்.

யாராவது என்னைக் கேட்டால், அக்கா அடக்கத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்.